பெரியப்பாவின் வலது கன்னம்

அன்பு மகன் தம்பிக்கு,

நேற்றுப் பிற்பகல் உறுதியான செய்தி இது. உன் படத்தில் பெரியப்பாவின் வலது கன்னம் புடைத்து நிற்பதற்குக் காரணம் துக்கம் அல்ல, உழுந்து வடை. ஆதாரம் பெரியப்பாவேதான். மொன்ட்ரியாலுக்கு ஆற்றின் அக்கரையில், லொங்குய்யில், தன் வீட்டு வாசலில் பனிக்கட்டி கொத்திக்கொண்டு நின்றபோது என்னிடம் நேரடியாகச் சொன்னார். இரண்டாவது ஆதாரம், அந்த வடையை அவர் கையில் கொடுத்தவர். அது உன் அம்மா. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு பேர் சொல்லாமல் எதையும் எழுதக்கூடாது என்று நிருபர் வேலையில் பழகியவன் நான். இவர்கள் இருவரும் ஒரே குடும்பம் என்பதால் தொடர்பில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் தனித்தனி இடத்தில், மற்றவர் என்ன சொன்னார் என்று தெரியாமல் சொன்னார்கள். அது எனக்குப் போதும்.

நீ எடுக்கும் வகைப் படங்களில் விஷயத்தை இப்படி முதல் வரியிலேயே போட்டு உடைக்கமாட்டார்கள் என்று தெரியும். கடைசிவரை காத்திருந்தும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். ஆனால் நீ ஹாலிஃபாக்ஸில் யாரோ ஒருவருடைய தொலைக்காட்சித் தொடருக்குக் கமரா தூக்கிக்கொண்டிருக்கிறாய், தொலைபேசியை எடுப்பதில்லை, கடிதத்தின் முதல் பக்கத்துக்கு மேல் வாசிப்பாயா என்பதும் நிச்சயமில்லை. அதனால் என்னுடைய தொழில் முறைப்படியே எழுதுகிறேன். நிலைமை இதுதான். குறும்பட விழாவுக்கு நீ எழுதிக்கொடுத்த சுருக்கத்தில், “மகளைக் கொடுக்கும் தந்தை, அழுகையை அடக்கி இறுகிய தாடை” என்று சொல்லியிருக்கிறாய். விழாக்காரர்களும் அந்தத் தாடையைத்தான் புகழ்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். தாடைக்குச் சொந்தக்காரர் அதை யாருக்கும் காட்டக்கூடாது என்கிறார். அவர் சம்மதம் இருக்கிறதா இல்லையா என்று மாத முடிவுக்குள் நீ விழாவுக்குச் சொல்லவேண்டும். இல்லை என்றால் படத்தைத் திரும்பப் பெறவேண்டும். சம்மதம் இல்லாமலே காட்டினால், பெரியப்பா இனி உன் முகத்தில் விழிக்கமாட்டார். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். உனக்கு இதுவரை இருப்பது ஒரே படம். இரண்டும் வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த நோய் உனக்கு என்னிடமிருந்து வந்தது. நீ டவுன்டவுனில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், “அப்பா, ஒரு பெங்காலி ரைட்டர், உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாய். உன் பேராசிரியை, இங்கேயே பிறந்து வளர்ந்த கியூபெக்காரி, வகுப்பில் சொன்னாராம்: உலகத்தில் சத்தமில்லாமல் எடுக்கப்படும் படங்களில் பாதிக்கு, தான் பாட்டுக்கு ஊரில் இருந்து கதை எழுதிய அந்த மனிதர்தான் பாட்டன், அவர் கதையைப் படமாக்கியவர்களைப் பார்த்து வேறு தேசத்தார் கற்றார்கள், அவர்களைப் பார்த்து நாங்கள் கற்றோம், எங்களைப் பார்த்து நீங்கள் கற்கப் போகிறீர்கள் என்று. பெயரைச் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரர் எல்லோரும் அவரைத் தமிழில்தான் வாசித்தோம். வாசிகசாலையில் அவர் புத்தகத்துக்கு மட்டை இருக்காது. அத்தனை பேர் கை பட்டிருக்கும். அவருடைய கதாநாயகிகளின் பெயரை எங்கள் ஒழுங்கையில் இரண்டு பெண்களுக்கு வைத்திருந்தார்கள். சமையலறையிலிருந்து உன் அம்மா எட்டிப் பார்த்து, “அவர் வங்காளியே? நான் இவ்வளவு நாளும் மதுரைப் பக்கம் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்” என்றாள். நீ சோபாவில் விழுந்து சிரித்தாய். அவள் சொன்னதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஒரு எழுத்தாளர் வேறு ஊர்க்காரர் என்பதையே வாசகர் மறந்துபோனால், அதற்கு மேல் அவருக்கு என்ன பரிசு கொடுக்க முடியும்?

அன்றைக்கு உனக்கு நான் சொல்லாத ஒன்று உண்டு. அந்த மனிதரால் என் வேலை போகப் பார்த்தது. நிருபராகச் சேர்ந்த காலத்தில், கூட்டுறவுச் சங்கக் கடை ஒன்று எரிந்த செய்தியை எழுத அனுப்பினார்கள். அப்போது அவருடைய நாவல் ஒன்றில் மூழ்கியிருந்தேன். பெரிய சம்பவத்தை ஒரு வரியில் தாண்டிவிடுவார். அது நடந்த வீட்டில் மறுநாள் காலை யார் அடுப்பு மூட்டினார்கள், அந்த வீட்டுப் பிள்ளை எந்தச் சுவரோடு சாய்ந்து நின்றது என்பதை நிதானமாகச் சொல்வார். நானும் அப்படியே, கடைக் காவலாளியின் தேநீர் ஆறிப்போவதில் தொடங்கி, பேணியில் ஆடை கட்டுவதை ஒரு பத்தி நிறைய எழுதி, கடைசியில் கடையும் எரிந்தது என்று முடித்தேன். செய்தி ஆசிரியர் தாளைத் தூக்கிப் பிடித்து அலுவலகம் முழுவதும் கேட்கக் கேட்டார்: “எரிஞ்சது கடையோ தேத்தண்ணியோ?” பிறகு கிட்ட வந்து, “தம்பி, அந்த வங்காளியை வீட்டை போய் வாசி. இஞ்சை வரேக்கை வாசல்லை விட்டிட்டு வா” என்றார். அன்று முதல் வாசலில் விட்டுவிட்டுத்தான் போனேன். இத்தனை வருடமும் முக்கியமானதை முதல் வரியில் வைத்து எழுதிப் பிழைத்தேன். நீ அவரை வாசலில் விடவில்லை, கலியாண மண்டபத்துக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போய்விட்டாய்.

தை மாதத்தில் வினோ அக்காவின் கலியாணம். பெரியப்பாவின் ஒரே மகள். டொரொண்டோவிலிருந்து வரவேண்டிய வீடியோக்காரர் பனிப்புயலில் கிங்ஸ்டனைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டார். விடியற்காலையில் பெரியம்மா தொலைபேசியில் அழுதாள். உன் அம்மாதான் பெருமையாகச் சொன்னாள்: “ஏன் அழுறியள் அக்கா? எங்கடை தம்பி கமரா படிச்சவனெல்லோ!” உன்னைப் போன்றவனிடம் கலியாண வீடியோ கேட்பது மூளைச் சத்திரசிகிச்சை வைத்தியரிடம் தலைமயிர் வெட்டக் கேட்பது போன்றது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மொன்ட்ரியால்-நோரில் அந்த மண்டபத்துக்குள் நுழைந்ததிலிருந்து பெரியப்பா எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டு திரிந்தார். “தாலி ஏறும்வரைக்கும் பச்சைத் தண்ணியும் தொண்டைக்குள்ளை இறங்காது.” பெண்ணைக் கொடுக்கும் தாய் தகப்பன் விரதம் இருப்பது நம் வழக்கம்தான். ஆனால் அவருக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிடவேண்டும். “உங்களுக்கு ஏலாது, நான் ஒராள் இருந்தால் காணும்” என்று பெரியம்மா எவ்வளவோ சொன்னாள். “பெத்த தேப்பன் நான். நான் இருக்காமல் பக்கத்து வீட்டுக்காரனே இருக்கிறது?” என்றார். கன்னிகாதானம் ஒழுங்காக முடிந்தது. பிறகு வினோ கூறைச் சேலை மாற்ற உள்ளே போனாள். அந்தச் சேலை உடுத்திய கதையை நீ படமாக எடுத்திருந்தால் அது உலகத்திலேயே நீளமான படமாக இருந்திருக்கும். மடிப்பு வைக்க ஒருத்தி, அதைக் கழற்றித் திரும்ப வைக்க இன்னொருத்தி. நாதஸ்வரக்காரர் தனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் வாசித்து முடித்து, தெரியாத பாட்டுகளுக்குப் போய்விட்டார். அந்த இடைவெளியில் பெரியப்பாவைக் காணவில்லை. யாரும் தேடவும் இல்லை. திடீரென்று வினோ வந்தாள், மணவறையில் இருத்தினார்கள், ஐயர் கையைக் காட்டினார், கெட்டிமேளம் முழங்கியது.

அந்த நேரம் மண்டபத்தில் இருந்த கைத்தொலைபேசி எல்லாம் உயர்ந்தன. பிறகு அவற்றைச் சேகரித்துப் பார்த்தபோது, ஒவ்வொன்றிலும் முன்னால் நின்றவருடைய கைத்தொலைபேசிதான் பதிவாகியிருந்தது. தாலியைத் தெளிவாக எடுக்கக்கூடிய இடத்தில் நின்றது ஒரே ஒரு கமரா. அது உன்னுடையது. அதை நீ அந்தப் பக்கம் திருப்பவே இல்லை. ஓரமாக, தூணோடு வந்து நின்ற பெரியப்பாவின் முகத்தில் வைத்தாய், மேளம் ஓயும்வரை அங்கிருந்து அகற்றவில்லை. கட்டுபவரையும் கட்டப்படுபவளையும் விட்டுவிட்டு, பார்த்துக்கொண்டு நிற்பவரைப் பார். நீ அப்படித்தான் கற்றிருந்தாய். அந்த வங்க மனிதர் உயிரோடு அந்த மண்டபத்துக்கு வந்திருந்தால் உன் முதுகில் தட்டியிருப்பார். பெரியம்மா வேறு விதமாகத் தட்டியிருப்பாள்.

வீடியோவைப் போட்டுப் பார்த்த நாள் உனக்கு நன்றாக நினைவிருக்கும். லொங்குய்யில் அவர்கள் வரவேற்பறையில் சனம் நிறைந்திருந்தது. கன்னிகாதானம்வரை எல்லோருக்கும் திருப்தி. கெட்டிமேளச் சத்தம் கேட்டது, திரையில் பெரியப்பாவின் முகம் பெரிதாக வந்தது, வந்த அதே கணத்தில் நிஜப் பெரியப்பா கதிரையிலிருந்து பாய்ந்தெழுந்து தொலைக்காட்சிக்கு முன்னால் போய் நின்றார். “எங்கை தாலி? எங்கையடா தாலி? தாலி இல்லாமல் ஒரு கலியாணமே?” இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். நீ, “பெரியப்பா, கொஞ்சம் தள்ளுங்கோ, ஷாட் இன்னும் முடியேல்லை” என்றாய். தம்பி, உனக்குத் துணிவு உண்டு, நேரம் காலம்தான் தெரியாது. அவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டார். பெரியம்மா ஐயருக்குத் தொலைபேசி எடுத்து, இன்னொரு முறை வீட்டில் வைத்துக் கட்டிப் படம் எடுத்தால் என்ன என்று கேட்டாள். ஐயர் பாவம், பொறுமையானவர். “அம்மா, தாலி ஒருக்காத்தான். இதிலை ரீடேக் இல்லை” என்றாராம்.

அதற்குப் பிறகு, யாரிடமும் கேட்காமல், அந்த முகத்தை மட்டும் தனியே எடுத்து நீ ஒரு குறும்படம் ஆக்கினாய். அது விழாவுக்குத் தேர்வாகிவிட்டது என்று உன் அம்மா சந்தோஷம் தாங்காமல் லொங்குய்க்குச் சொன்னாள். பெரியப்பா ஒரே சொல்லில் மறுத்தார். தாலி இல்லாத கலியாணப் படத்தை ஊருக்குக் காட்டுவது அபசகுனம் என்பது அவர் சொன்ன காரணம். நீயும் சும்மா இருக்கவில்லை. “பொது இடத்தில எடுத்தது, எனக்கு உரிமை இருக்கு” என்று குரல் பதிவு அனுப்பினாய். அவர் அதை எனக்குப் போட்டுக் காட்டினார், இரண்டு தரம்.

நான் அந்தக் காரணத்தை நம்பினேன். ஓய்வுபெற்றாலும் நிருபன் நிருபன்தான் என்று சொல்லித் திரிகிறேனே தவிர, இந்த விஷயத்தில் மந்தமாகவே இருந்தேன். போன வாரம், நீ அனுப்பிய படத்தை அம்மாவின் டாப்லட்டில் தனியே இருந்து பார்த்தபோதுதான் ஒன்று இடறியது. தொலைக்காட்சியில் பிழை கண்டவன் அதைச் சுட்டிக் காட்டுவான், மறைத்துக்கொண்டு நிற்கமாட்டான். படத்தைத் திரும்பப் போட்டேன். மேளம் தொடங்குகிறது. அவர் வலது கன்னம் மேலும் கீழும் அசைகிறது. சட்டென்று நிற்கிறது. கண் நிறைகிறது. ஆசீர்வதிக்கக் கையைத் தூக்குகிறார், தூக்கிய கையைத் தானே பார்க்கிறார், மெல்ல இறக்கிவிட்டு மற்றக் கையால் அறுகரிசியைத் தூவுகிறார். எதற்காகக் கை மாற்றினார்? உன் பேராசிரியைக்கு அது ஒரு தகப்பனின் தடுமாற்றமாகத் தெரிந்திருக்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது.

நேற்று மஞ்சள் பாதை மெட்ரோவில் ஏறி லொங்குய் போனேன். பங்குனி பிறந்தும் அவர் வாசலில் பனி இறுகிக் கிடக்கிறது. பெரியம்மா தேநீரோடு ரோல்ஸும் வடையும் கொண்டுவந்து வைத்தாள். பெரியப்பா ரோல்ஸை எடுத்தார், வடைத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். “உவருக்கு இப்ப வடை பிடிக்காதாம். வினோவின்ரை கலியாணத்தோடை விட்டிட்டார்” என்றாள் பெரியம்மா. வடைக்காகச் செத்தவீட்டிலும் காத்திருந்த மனிதர் அவர். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் யன்னலைப் பார்த்தார். “வாசல்லை ஐஸ் கிடக்கு, ஒரு கை குடு” என்று எழுந்து வெளியே போய்விட்டார். நானும் பின்னால் போனேன்.

“அண்ணை, வடை ஏன் வேண்டாம் எண்டனீங்கள்?”

“வயித்துக்குச் சரியில்லை.”

“வயித்துக்குச் சரியில்லாதவர் ரோல்ஸ் ரெண்டு சாப்பிட்டனீங்களே.”

“நீ என்ன, விசாரணைக் கொமிசனே?” ஓங்கி ஒரு கொத்துக் கொத்தினார்.

“தம்பியின்ரை படத்தைத் திரும்பப் பாத்தனான். கன்னத்தைப் பாத்தனான்.”

கொத்துவதை நிறுத்தினார். வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

“அரை வடை” என்றார்.

“முழுசு.”

“அரைதான்ரா. மற்றப் பாதி கையிலை இருந்தது.”

“அப்ப திண்ண நினைச்சது முழுசு.”

“நினைச்சதையெல்லாம் நீ பேப்பரிலை போடுவியே?”

அப்புறம் பனி கொத்திய சவளில் சாய்ந்துகொண்டு தானாகவே சொன்னார். தலை சுற்றியது, ஒரு துண்டு வாயில் போட்டால் விழாமல் நிற்கலாம் என்று நினைத்தார், கடித்த அந்தக் கணத்தில் மேளம் அடித்துவிட்டது. “விழுங்கவும் ஏலாது, துப்பவும் ஏலாது. ஓடி வந்து தூணோடை நிண்டு பிள்ளையைப் பாக்கிறன். அவள் தாலி கட்டுறவனைப் பாக்கேல்லையடா, என்னைத்தான் தேடிப் பாக்கிறாள். எனக்குக் கண்ணீர் வந்தது மெய்தான். அது வடையாலை வரேல்லை. அதை மட்டும் உவனுக்குச் சொல்லு.” சொல்லிவிட்டேன், தம்பி. அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

பிறகு அவரே கேட்டார்:

“பாக்கிற சனத்துக்கு விளங்குமோ?”

“எங்கடை ஆக்களுக்கு விளங்கும், அண்ணை.”

“வெள்ளைக்காரருக்கு?”

“அவை துக்கம் எண்டு நினைக்கினம். நல்லா இருக்கெண்டு எழுதியும் போட்டினம்.”

“அப்ப தமிழர் வராத நாளாப் பாத்துக் காட்டச் சொல்லு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் உண்மையான காரணம் வந்தது. “ஊர் சிரிச்சால் சிரிக்கட்டும். உன்ரை அண்ணி அண்டு முழுக்கத் தண்ணியும் குடிக்கேல்லை. இப்ப வினோவும் மாப்பிள்ளையும் ஒட்டாவாவிலை சும்மா ஒரு வாய்த்தர்க்கம் எண்டாலும், ‘நான் விரதத்திலை என்ன குறை விட்டனோ’ எண்டு தன்னைத்தான் கேக்கிறா. நான் பக்கத்திலை இருந்து பேப்பரைப் புரட்டுறன். இவ்வளவு நாளும் சொல்லாமல் இருந்திட்டு, இப்ப தியேட்டரிலை, பெரிய திரையிலை, என்ரை கன்னத்தைப் பாத்தே அவ அறியிறது?” அந்நேரம் கதவு திறந்தது. “என்ன ரெண்டு பேரும் களவெடுத்த ஆக்கள் மாதிரி குசுகுசுக்கிறியள்? அது வெயிலுக்குத் தானாக் கரையும், உள்ளை வாங்கோ!” என்று பெரியம்மா கத்தினாள். பெரியப்பா என் காதுக்குள், “முகத்தைச் சரியாக்கு” என்றார். நான் சரியாக்கினேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல், கலியாணத்தன்று சமையல் பக்கம் யார் நின்றார்கள் என்று மட்டும் கேட்டேன். வெண்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. “வடைக் கதையோ? நான்தான் குடுத்தனான். உங்கடை அண்ணர் வெளிறிப்போய்ச் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். மகளின்ரை கலியாணத்திலை அம்புலன்ஸ் வந்தால் நல்லாவே இருக்கும்?” ஏன் இத்தனை நாளும் எனக்குச் சொல்லவில்லை என்றேன். “நீங்கள் கேக்கேல்லையே. பெரிய நிருபர், ஊரெல்லாம் போய்க் கேக்கிறியள், வீட்டிலை ஒருத்தி இருக்கிறாள் அவளைக் கேப்பம் எண்டில்லை” என்றாள். ஒரு சிறு தகவலையும் சேர்க்கிறேன்: அவள் கொடுத்தது இரண்டு வடையாம். ஒன்றைப் பற்றித்தான் எனக்குத் தெரியவந்திருக்கிறது. மற்றதைப் பற்றிப் பெரியப்பாவின் கருத்தைப் பெற முடியவில்லை.

இப்போது உன் படத்தைப் பற்றி என் அபிப்பிராயம். விஷயம் தெரிந்த பிறகு அதை மறுபடியும் பார்த்தேன். முதலில் பார்த்ததைவிட நல்ல படமாக இருக்கிறது. துக்கத்தால் மட்டும் இறுகிய தாடை என்றால், அப்படிப்பட்ட தாடையை நாம் எத்தனையோ படங்களில் பார்த்தாயிற்று. வாயில் வடையும், கண்ணில் கண்ணீரும், தூக்கிய கையில் பாதியும் வைத்துக்கொண்டு மகளைப் பார்க்கும் தகப்பனை நான் பார்த்ததில்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு டவுன்டவுன் சின்னத் திரையரங்குக்கு நாங்கள் போவோமே, ஒரு தடவை அம்மாவும் வந்தாள். திரையில் ஒரு பெண் அசையாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் மூச்சுக்கூட விடவில்லை. உன் அம்மா, “உவ ஏன் ஒண்டும் செய்யாமல் இருக்கிறா? அடுப்பிலை ஒண்டும் வைக்கேல்லையோ?” என்று கேட்டாள். முன் வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. நீ கதிரைக்குள் இறங்கிப் போனாய். ஆனால் அவள் கேட்டது சரியான கேள்வி. அந்த வங்க எழுத்தாளரின் கதைகளில் யாரும் சும்மா துக்கப்பட்டுக்கொண்டு இருப்பதில்லை. துக்க வீட்டிலும் ஒருவருக்குப் பசிக்கும், பசித்ததற்காக வெட்கப்படுவார், வெட்கப்பட்டுக்கொண்டே சாப்பிடுவார். எங்களை அழவைத்தது அந்தச் சாப்பாடுதான். அவர் பெயரைச் சொல்லிப் படம் எடுக்க வந்தவர்களில் பலர் அவரிடமிருந்து மௌனத்தை எடுத்துக்கொண்டு பசியை விட்டுவிட்டார்கள். மௌனத்தைக் காப்பி அடிப்பது சுலபம், கமராவை நிறுத்தாமல் விட்டால் போதும். நீ தெரியாத்தனமாக இரண்டையும் பிடித்துவிட்டாய். தெரியாமல் பிடித்தது பரவாயில்லை. தெரிந்த பிறகு அதைத் துக்கம் என்றே விற்காதே. சுருக்கத்தைத் திருத்தி எழுது. வடை என்றே எழுது. பிரெஞ்சில் அதற்குச் சொல் இல்லை என்றால் வடை என்றே போடு. இவர்களுடைய உருளைக்கிழங்குப் பூட்டீனை நாங்கள் பூட்டீன் என்றுதானே சொல்கிறோம், அவர்களும் கற்றுக்கொள்ளட்டும்.

உரிமை பற்றியும் ஒன்று. சட்டத்தில் உன் பக்கம் நியாயம் இருக்கலாம், எனக்குத் தெரியாது. நான் அறிந்தது இவ்வளவுதான்: ஒருவரைப் பற்றி எழுதினால், அது அச்சில் வருவதற்கு முன் அவருக்கு உன் வாயால் தெரியவேண்டும். வாழ்த்தாக இருந்தாலும் அப்படித்தான், வசையாக இருந்தாலும் அப்படித்தான். நீ கமராவைப் பெரியப்பாவின் முகத்தில் அவ்வளவு நேரம் பொறுமையாக வைத்திருந்தாய். அதில் கொஞ்ச நேரம் கமரா இல்லாமலும் அந்த முகத்துக்கு முன்னால் போய் இரு. ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்ததும் எங்கள் வீட்டுக்கு வராதே, நேரே லொங்குய் போ. அந்தக் குரல் பதிவுக்கு மன்னிப்புக் கேள். படத்தைப் பற்றி அவராகக் கேட்கும்வரை பேசாதே. அவர் கேட்பார். எந்த விழா, என்ன திரை, எவ்வளவு பெரிதாகத் தெரிவேன் என்று நேற்றே என்னிடம் இரண்டு சுற்றுக் கேட்டுவிட்டார். உனக்கும் ஒரு நாள் கலியாணம் வரும். டொரொண்டோ வீடியோக்காரரை நான் புயலுக்கு முன்னாலேயே கூப்பிட்டு வீட்டில் படுக்கவைத்துக்கொள்வேன். ஆனால் ஓரத்தில், தூணோடு, இன்னொரு கமராவும் நிற்கட்டும். அது யாரைப் பார்க்கவேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை.

இனி, தீராமல் கிடப்பவை. பெரியப்பா மறுப்பையும் திரும்ப எடுக்கவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. பெரியம்மாவிடம் தானே சொல்லிவிட்டுத்தான் எதுவும் என்கிறார். அதற்கு அவர் குறித்த நாள் வரும் வெள்ளிக்கிழமை. கோயிலிலிருந்து வந்து, மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகு சொல்வதாக இருக்கிறார். முன்னால் சொன்னால் சாப்பாடு கிடைக்காது என்பது அவர் கணிப்பு. பெரியம்மா என்ன சொல்வாள் என்பதை இப்போது யாராலும் சொல்ல முடியாது, உன் அம்மாவாலும் முடியவில்லை. விழாவுக்கு நீ பதில் சொல்ல மாத முடிவுவரை நேரம் இருக்கிறது, அதற்குள் அவசரப்பட்டு ஒன்றும் எழுதிவிடாதே. இந்தக் கடிதத்தை இங்குள்ள நமது தமிழ் வாரப் பத்திரிகையில் போடவும் அண்ணரிடம் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை நல்லபடி போனால் போடலாம், அரை வடை என்று தெளிவாக எழுதவேண்டும் என்றார். அதனால் உனக்கு இன்று அனுப்புகிறேன், பத்திரிகைக்கு வெள்ளி இரவு. அடுத்த இதழில் இதை நீ அச்சில் கண்டால் பெரியம்மா சிரித்துவிட்டாள் என்று அறிந்துகொள். காணாவிட்டால், நம் வீட்டுக்குத் தொலைபேசி எடு. எடுப்பது அநேகமாகப் பெரியப்பாவாக இருக்கும். அவர் படுக்கப்போகும் சோபாவுக்குப் பக்கத்தில்தான் தொலைபேசி இருக்கிறது.

அன்புடன்,
அப்பா